காவடி நாளும் உச்சி வெயிலும்: மொரீசியஸ் தமிழ்க் கோவில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோவில் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், குருக்கள்மாருக்கும், காவடி கட்டிவிடும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைப்பூசக் காவடி அன்று வெயிலில் நிலைகுலைந்து விழுகிறவரை, விழுந்த இடத்திலேயே குளிர்ந்த தண்ணீரில் நனைத்து உடம்புச் சூட்டை இறக்க வேண்டும். ஆம்புலன்ஸில் ஏற்றுவது அதற்கு அப்புறம்தான். அதற்கு வேண்டிய தண்ணீர், ஐஸ், ஒரு தார்ப்பாலின், பழகிய கைகள் இவையெல்லாம் நம் ஒவ்வொரு கோவிலிலும், காவடி வரும் வழியிலும் தயாராக இருக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் அவசரப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சிறு வயதிலிருந்து பால்குடம் எடுத்திருக்கிறேன். என் வீட்டில் அண்ணன், அண்ணன் மக்கள் எல்லோரும் காவடி எடுப்பவர்கள். விரதத்தையும் வேல் குத்துவதையும் குறை சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் கிடையாது. பத்து நாள் விரதம் இருந்து, இளஞ்சிவப்பு உடுத்தி, மயிலிறகும் எலுமிச்சையும் கட்டிய காவடியோடு பிள்ளைகள் வரும் அந்த வரிசையைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும். அந்த வரிசையில் வருகிற ஒருவர்கூட வீடு திரும்பாமல் போகக்கூடாது என்பதுதான் என் கவலை.

நம்மவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த தைப்பூசம் குளிர்காலத்துத் திருவிழா. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று அங்கே பழமொழியே இருக்கிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடியலில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பனியில் நடக்கிறார்கள். வெறுங்காலும், பட்டினியும், நீண்ட நடையும் அந்தக் காலநிலைக்கு ஒத்துவந்த விரதம். தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள் முருகனையும் காவடியையும் அப்படியே கொண்டுவந்து சேர்த்தார்கள். மாதத்தின் பெயர் மாறவில்லை, நட்சத்திரம் மாறவில்லை. ஆனால் பூமத்திய ரேகையைத் தாண்டி வந்ததால் பருவம் தலைகீழாகிவிட்டது. இங்கே தை மாதம் கோடையின் உச்சம்.

எவ்வளவு உச்சம் என்றால், நம் தீவு தெற்கே 20 டிகிரியில் இருக்கிறது. ஜனவரி 20ஐ ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் சரியாக நம் தலைக்கு மேல் நிற்கும். அந்த நேரத்தில் நின்றால் நம் நிழல் நம் காலடியிலேயே விழும். 2024இல் காவடி ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. எந்த ஆண்டை எடுத்தாலும் சூரியன் தலைக்கு மேல் நிற்கிற காலம்தான். போதாததற்கு இது மழைக்காலம், புயல்காலம். காற்றில் ஈரம் ததும்பும். பக்கத்துக் கடலில் ஏதாவது புயல் சுற்றினால் வழக்கமான தென்கிழக்குக் காற்று நின்று, மூச்சு முட்டுகிற புழுக்கம் வந்துவிடும் என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

எல்லாக் கோவிலுக்கும் ஒரே மாதிரி வெயில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். க்யூர்பீப் மேட்டு நிலம், அங்கே ஜனவரியிலும் மேகமும் தூறலும் இருக்கும். தலைநகர் போர்ட் லூயி மலைகளுக்குப் பின்னால் காற்று மறைவில் கிடக்கிறது. அங்கே கைலாசன் கோவிலுக்கு வருகிறவர்கள் படுகிற சூடு வேறு. கோர் த கார்ட் மலைக்கோவிலில் இன்னொரு சிரமம். வீதியெல்லாம் நடந்து களைத்த பிறகு கடைசியில் படி ஏற வேண்டும். உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பெல்லாம் அந்தப் படிகளில்தான் போகிறது. ஆகவே எல்லாக் கோவிலுக்கும் ஒரே ஏற்பாடு என்று இருக்க முடியாது. ஆளைக் குளிரவைக்கும் இடத்தை மலைக்கோவிலில் படிக்கட்டின் அடியிலும் நடுவிலும் வைக்க வேண்டும். சமதளக் கோவிலில் வழியின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் வைக்க வேண்டும். விழுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறார்கள்.

உடம்பு தன் சூட்டை வெளியே தள்ளுவதற்கு முக்கியமான வழி வியர்வை. வியர்வை வழிந்து ஓடுவதால் சூடு குறைவதில்லை, அது காற்றில் உலர்ந்து போகும்போதுதான் குறைகிறது. ஈரக்காற்றில் வியர்வை உலராது, சொட்டிக்கொண்டே இருக்கும். தோளில் பாரம், நடை, ஆட்டம் எல்லாம் சேர்ந்து தசைகள் உள்ளே சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் வெளியேறும். நாக்கிலும் கன்னத்திலும் வேல் பூட்டியவர் வழியில் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, கூடவே மூளை தடுமாற ஆரம்பித்துவிட்டால் அதற்குப் பெயர் வெப்பத்தாக்கு. அதன்பிறகு ஒவ்வொரு நிமிடமும் ஈரலும் சிறுநீரகமும் மூளையும் வெந்துகொண்டிருக்கின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். எந்தக் கோவில், யார் பிள்ளை என்பது வேண்டாம். நண்பகல் நெருங்கும் நேரம். இருபது வயதைத் தாண்டிய பையன், நல்ல திடகாத்திரமான உடம்பு. நாக்கில் வேல், முதுகு நிறைய எலுமிச்சை. திடீரென்று வரிசையை விட்டு விலகி, பக்கவாட்டில் இரண்டு முறை சுழன்றான். மேளம் வேகமெடுத்தது. ‘அரோகரா’ என்று கூட்டம் முழங்கியது. அவன் காலை அகட்டி அகட்டி வைத்தான். கண் எங்கேயோ பார்த்தது. யாரோ திருநீறு பூசினார்கள். நான் வழியோரத்தில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தவள், ஓடிப்போய் அவன் பிடரியில் கை வைத்தேன். அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்ட மாதிரி இருந்தது. தண்ணீர் கொண்டுவாருங்கள், காவடியை இறக்குங்கள் என்று கத்தினேன். பெரியவர் ஒருவர் என் கையை மெதுவாக விலக்கி, “தொடாதம்மா, சாமி இறங்கியிருக்கு” என்றார். அவர் மனதில் பக்தி மட்டும்தான் இருந்தது. பையன் சரிந்து விழுந்து, வாந்தி எடுத்து, வலிப்பு வந்த பிறகுதான் கூட்டம் விலகியது. ஆம்புலன்ஸ் வர நேரமானது. அதுவரை அவன் மேல் ஒரு வாளித் தண்ணீர்கூட விழவில்லை, நிழலில் படுக்கவைத்து விசிறினார்கள், அவ்வளவுதான். உயிர் பிழைத்தான். ஆனால் தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்ததால் வாரக்கணக்கில் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. அவன் தாய் அந்த நாட்களில் வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். சாமிக்கு என்ன குறை வைத்தோம் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்விக்காகவே இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியது. அவர்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை. பையனுக்கு வேண்டியிருந்தது ஐம்பது வாளித் தண்ணீர்.

அருள் வந்த நிலையும் வெப்பத்தாக்கும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். தள்ளாட்டம், வெறித்த பார்வை, கூப்பிட்டால் திரும்பாமை, பேச்சுக் குழறல் எல்லாம் இரண்டிலும் உண்டு. வெப்பத்தாக்கு என்றால் தோல் காய்ந்து போயிருக்கும் என்று சிலர் சொல்வார்கள். வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் முதியவர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நடந்து உழைத்து விழுகிற இளைஞருக்கு உடம்பெல்லாம் வியர்வை ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே வியர்க்கிறதே, பயமில்லை என்று இருந்துவிடக்கூடாது. நாக்கில் வேல் இருப்பவரிடம் பெயரைக் கேட்டும் பயனில்லை. அவர் கையைப் பிடித்து, “என் கையை அழுத்துங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முறை சொல்லியும் அழுத்தவில்லை என்றால், அல்லது நடை ஒருபக்கமாகச் சாய்கிறது, வாந்தி வருகிறது, பிடரி கொதிக்கிறது என்றால் அதை வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவேளை உண்மையிலேயே அருள் வந்தவராக இருந்தால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவதால் அவருக்கு ஒரு கெடுதலும் இல்லை. முருகனுக்கே தினமும் அபிஷேகம் செய்கிறோம். ஆனால் வெப்பத்தில் வெந்துகொண்டிருப்பவரை அருள் என்று நினைத்து விட்டுவிட்டால் திருப்பிக் கொண்டுவர முடியாது. எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை என்பதை இதிலிருந்தே நீங்கள் முடிவு செய்யலாம்.

சரி, என்ன செய்வது? அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற கடற்கரை ஊரில் ஆகஸ்ட் வெயிலில் 7 மைல் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. 18 ஆண்டுகளில் அங்கே 274 பேருக்கு வெப்பத்தாக்கு வந்ததாகக் கணக்கெடுத்து எழுதியிருக்கிறார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள். பெரிய மருந்து எதுவும் இல்லை. எல்லைக் கோட்டருகே ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டிகளைத் தயாராக வைத்திருந்து, விழுந்தவரை உடனே அதில் கழுத்துவரை இறக்கினார்கள், அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கிறார்கள். காவடி நாளன்று ஆம்புலன்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஆளை ஏற்றி, மருத்துவமனையில் சேர்ப்பதற்குள் அந்த அரை மணி நேரம் போய்விடும்.

தொட்டி வாங்க முடியாத கோவிலுக்குத் தார்ப்பாலின் போதும். பந்தலுக்குப் போடுகிற அதே தார்ப்பாலின்தான். விழுந்தவரின் காவடியையும் கனத்த மாலைகளையும் கழற்றிவிட்டு, அவரைத் தார்ப்பாலின் நடுவில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். ஆறு பேர், எட்டு பேர் சுற்றி நின்று ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் அதுவே தொட்டி ஆகிவிடும். நூறு, நூற்றைம்பது லிட்டர் தண்ணீரும் ஒரு சாக்கு ஐஸும் அதில் கொட்டுங்கள். மீன் விற்பவர்களிடமே ஐஸ் கிடைக்கும், சுத்தமான பையில் வாங்கிக்கொள்ளலாம். ஒருவர் தலைமாட்டில் நின்று அவர் முகம் தண்ணீருக்கு மேலேயே இருக்கும்படி அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்க வேண்டும். இந்த வேலையை வேறு யாரிடமும் மாற்றிக் கொடுக்கக்கூடாது. மற்றவர்கள் தொட்டிலை ஆட்டுவது போலத் தார்ப்பாலினை மெல்ல அசைக்க வேண்டும். தண்ணீர் அசைந்துகொண்டே இருந்தால்தான் உடம்பை ஒட்டிய நீர் சூடாகி நிற்காமல் புது நீர் வந்துகொண்டிருக்கும். வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு 0.15 டிகிரி அளவில் சூடு இறங்கும். ஆள் நடுங்க ஆரம்பித்தால், அல்லது தெளிவாகப் பேச ஆரம்பித்தால், அல்லது கால் மணி நேரம் ஆகிவிட்டால் வெளியே எடுத்துத் துடைத்துவிடலாம். தண்ணீர் ஊற்றத் தொடங்கும்போதே இன்னொருவர் 114ஐ அழைத்து, அரசின் அவசர மருத்துவ சேவையான சாமுவின் ஆம்புலன்ஸை வரச் சொல்லியிருக்க வேண்டும்.

தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். வாயிலும் அக்குளிலும் வைத்துப் பார்ப்பது உள்சூட்டைக் குறைத்துக் காட்டும். பாரசிட்டமால் கொடுக்க வேண்டாம், இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரைக்கு இதில் வேலை கிடையாது, ஈரலுக்கும் சுமை. நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ தீர்த்தமோ ஊற்றவே கூடாது. வயதான அம்மாமார் பால்குடத்தோடு மயங்கினால் ஐஸ் தண்ணீரில் இறக்குவதைவிட, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து வேகமாக விசிறி, ஈரத் துணியை அடிக்கடி மாற்றுவது அவர்கள் இதயத்துக்கு நல்லது. வேப்பிலைக் கொத்தைத் தண்ணீரில் தோய்த்து வீசினால்கூட அந்த வேலை நடக்கும்.

குத்தியிருக்கும் வேலை யார் எடுப்பது என்பதில்தான் பல இடங்களில் நேரம் போகிறது. நினைவு தப்பியவர் நாக்கில் வேல் இருப்பது மூச்சுக்கு ஆபத்து. வாந்தி வந்தால் துப்ப முடியாது. வீட்டார் தொடப் பயப்படுகிறார்கள். குத்திய பெரியவர் கூட்டத்தில் எங்கேயோ இருப்பார். ஆகவே ஒவ்வொரு குழுவிலும், நாக்கு வேலை எடுக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேரைக் கோவிலே நியமித்து, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி ஒரு நிறத்தில் துண்டு கட்டிவிட வேண்டும். முதுகிலும் மார்பிலும் இருக்கிற சிறு ஊசிகளைப் பற்றி அந்த நேரத்தில் கவலைப்படத் தேவையில்லை.

குருக்கள்மாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். காவடியைப் பாதியில் இறக்கினால் நேர்த்தி பாழாகிவிடும், குடும்பத்துக்கு ஆகாது என்ற பயம் நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. தலை சுற்றுகிறது என்று தெரிந்தும் நடப்பவர்கள் இதனால்தான் நடக்கிறார்கள். செம்பில் உள்ள பால் திரியாமல் சேர வேண்டும் என்ற எண்ணமும் கூடவே விரட்டுகிறது. நானோ மருத்துவரோ எவ்வளவு சொன்னாலும் அந்தப் பயம் போகாது. நீங்கள் சொன்னால் போகும். கொடியேற்றத்தன்று, காப்புக் கட்டும்போது, நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும்: முடியாதவர் காவடியை இறக்கி வைக்கலாம், அவர் காவடியை இன்னொருவர் எடுத்துவந்து சேர்க்கலாம், அவர் நேர்த்தி நிறைவேறியதாகவே கோவில் ஏற்கும் என்று. பத்து நாளும் தினமும் சொல்லுங்கள். அது ஆம்புலன்ஸைவிடப் பலரைக் காப்பாற்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது கால். காற்றில் 31 டிகிரி இருக்கும்போதே வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 60 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் சில விநாடிகளில் தோல் வெந்துவிடும். கால் உணர்ச்சி நன்றாக உள்ளவர் துள்ளித் துள்ளி ஓரத்துப் புல்லுக்குப் போய்விடுவார். நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். பல ஆண்டு சர்க்கரை இருந்தவருக்குப் பாதத்தில் நரம்பு மரத்துப்போயிருக்கும். அவருக்குச் சுடுவதே தெரியாது. நிம்மதியாக நடந்து முடித்து, ஏழு கறி சாப்பிட்டு, வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போதுதான் பாதத்தோல் உரிந்து கையோடு வருவதைப் பார்ப்பார். அதை மஞ்சள் பூசி இரண்டு வாரம் மறைத்துவைத்து, நாற்றம் வந்த பிறகு மருத்துவமனைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விரலோடு போனால் அதிர்ஷ்டம். சிலருக்கு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது. தீமிதியிலும் இதே கதைதான். சர்க்கரை உள்ளவர்கள், பாதம் மரத்தவர்கள் தீயில் இறங்கக்கூடாது என்று நிர்வாகம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் பார்க்கக்கூடாது.

வழியில் வீட்டு வாசல்களில் குடும்பங்கள் தண்ணீர் ஊற்றிச் சாலையை நனைக்கிறார்கள். அந்தப் புண்ணியத்தை முறைப்படுத்துங்கள். நிழலில்லாத இடங்களில் தண்ணீர் வண்டி, இல்லையென்றால் நனைத்த சாக்கு அல்லது தென்னங்கீற்று விரிப்பு. பாதம் சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். ஐஸ் நேராக வைக்கக்கூடாது, மஞ்சள், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

விரதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரைக்குக் கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், குழப்பம் என்று அதுவும் அருள் மாதிரியே தெரியும். முதலுதவி மேசையில் விரலில் குத்திப் பார்க்கும் கருவி ஒன்று இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் சீக்கிரம் வறண்டுபோவார்கள். இவர்கள் யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்தக்கூடாது. விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் போய், இத்தனை நாள் விரதம், இவ்வளவு தூரம் நடை என்று சொல்லி அளவை மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். காவடிக்குப் பெயர் பதியும்போதே இதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அந்தப் பத்து நாளிலேயே நமக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். தினமும் ஒரு மணி நேரம் போல வெயிலில் நடந்தால் வியர்வை சீக்கிரம் சுரக்கும், உப்பு குறைவாகப் போகும், இதயத் துடிப்பும் அடங்கும். குளிரூட்டிய அலுவலகத்தில் ஆண்டு முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, காவடி அன்று ஒரேயடியாக வெயிலில் இறங்குகிற பிள்ளைகள்தான் இன்று அதிகம். கரும்புக் காட்டில் வேலை செய்த நம் தாத்தாமாரின் உடம்பு இவர்களுக்கு இல்லை. மாலை பூசைக்கு வருகிறவர்களைச் சிறு சிறு கூட்டமாகக் கோவிலைச் சுற்றி நடக்கவைத்தால் அதுவே பயிற்சி. வேல் குத்தும் முன் இரண்டு மணி நேரத்தில் அரை லிட்டருக்குக் குறையாமல் உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ குடித்திருக்க வேண்டும். தீர்த்தமாகவே கொடுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம். ஆற்றங்கரையில் விடியும் முன்பே பூசை தொடங்கி, கடைசிக் காவடி பத்து மணிக்குள் கோவிலுக்குள் வந்துவிட்டால் இந்த மடலில் பாதிக்கு வேலையே இல்லை. விருந்தினர் வரவேண்டும், பேச்சு வேண்டும், படமெடுக்க வேண்டும் என்று வேல் பூட்டிய பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பேச்சைக் காவடி சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. மேட்டில் பெய்கிற மழை பள்ளத்தில் தெரியாது. 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயியில் சிறிது நேரத்து மழை வெள்ளமாகி 11 பேரைக் கொண்டுபோனது. 2024இல் காவடிக்குப் பத்து நாள் முன்னால் பெலால் புயல் வந்து தலைநகரமே தண்ணீரில் நின்றது. வாக்குவா வானிலை நிலையம் கனமழை எச்சரிக்கை விட்டால் ஆற்றங்கரையை விட்டுக் கோவில் குளத்தடியிலோ குழாயடியிலோ பூசையை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கீற்றும் பூவும் வெட்டப் போகும் பிள்ளைகள் மஞ்சள் குளவிக் கூட்டைக் கலைத்துவிடாமல் பார்க்க வேண்டும். கொட்டிய பின் முகம் வீங்கி மூச்சு இழுத்தால் அது ஒவ்வாமை, உடனே 114.

இதெல்லாம் பக்தியைக் குறைக்கும் என்று சிலர் நினைக்கலாம். 2024 ஹஜ் யாத்திரையில் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் பதிவு செய்யாமல் வந்து, நிழலும் குளிர்ந்த கூடாரமும் கிடைக்காதவர்கள். ஏற்பாடு இருந்த இடத்தில் இருந்தவர்களும் அதே பக்தியோடுதான் போனார்கள். அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். தண்ணீரும் நிழலும் வெளியேற வழியும் போதாமல் போன இடத்தில் யாராக இருந்தாலும் உடம்பு தாங்காது.

செலவும் பெரிதில்லை. நான்கு தார்ப்பாலின், ஐஸ் பெட்டிகள், இரண்டு தண்ணீர்த் தொட்டி, வாளிகள், உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள், சர்க்கரை பார்க்கும் கருவி. மலர் அலங்காரத்துக்கு ஆகும் செலவில் ஒரு பங்கு. கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்னால் கூடும் உங்கள் கூட்டத்தில் இதை வைத்து, யார் தார்ப்பாலினைப் பிடிப்பது, யார் தலையைத் தாங்குவது, யார் நாக்கிலிருந்து வேலினை எடுப்பது, யார் 114ஐ அழைப்பது என்று ஆள் பெயர் எழுதி முடிவு செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் முற்றத்தில் இளைஞர்களைக் கூட்டி, ஒருவரைப் படுக்கவைத்து உண்மையாகவே தண்ணீர் கொட்டிப் பழகிப் பாருங்கள். கூப்பிட்டால் நான் வருகிறேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ்களும் வருவார்கள். காவடி முடிந்த மறுநாள் குழுவில் யாராவது வீடு வீடாகப் போய், யாருக்காவது சிறுநீர் கறுத்துப் போகிறதா, கால் கொப்புளித்திருக்கிறதா என்று கேட்டு வந்தால் இன்னும் நல்லது. அப்படி இருப்பவர்களை அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி,
ரோஸ் ஹில்